வினாநிரலில் இருப்பது யாருடைய எண்ணம்?

சில ஆண்டுகளுக்கு முன் முதுகலை உளவியல் படித்துக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி, ஆய்வேட்டுக்காகத் தான் தமிழில் பெயர்த்த வினாநிரலை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். மனதில் தானாக எழும் எதிர்மறை எண்ணங்கள் முப்பது. ஒவ்வொன்றுக்கும் எதிரே 1 முதல் 5 வரை கட்டங்கள். விடுதியில் நாலைந்து தோழிகளிடம் கொடுத்துப் பார்த்திருக்கிறாள். ஒரு வரியில் எல்லாரும் நின்றுவிட்டார்களாம்.

“‘நான் ஒரு தோற்றவள்’னு போட்டிருக்கேன் மேடம். எதுல தோத்தேன்னு என்னையே திருப்பிக் கேக்குறாங்க.”

அவர்கள் கேட்டது சரிதான். ஆங்கில மூலத்தில் உள்ள ‘லூசர்’ ஆளின்மேல் குத்தும் முத்திரை. அதற்குப் போட்டி எதுவும் தேவையில்லை. தமிழில் தோற்க வேண்டுமென்றால் ஒரு தேர்தலோ கபடியோ வழக்கோ காதலோ வேண்டும். “நீ உன்னையே மனசுக்குள்ள திட்டிக்கிறப்ப என்னன்னு திட்டிப்பே?” என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, “‘நீயெல்லாம் வேஸ்ட்டு’ன்னு” என்றாள்.

அந்தப் பதிலில் இருந்த ‘வேஸ்ட்டு’ அங்கேயே என் காதில் விழுந்தது. ‘நீயெல்லாம்’ எனக்கு உறைக்கச் சில நாள் ஆனது. இரண்டுக்கும் பிறகு வருகிறேன்.

ஒரு வினாநிரல் ஏற்புடையது, அதாவது அளக்க நினைத்ததையே அளக்கிறது என்று எப்போது சொல்லலாம்? நம் ஆய்வேடுகளில் இதற்கு ஒரே பத்தியில் விடை இருக்கும். நம்பகத்தன்மைக் கெழு இவ்வளவு, இன்னொரு அளவுகோலோடு ஒட்டுறவு (இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கும் அளவு) இவ்வளவு, ஆகவே இது ஏற்புடையது. அந்தப் பத்தி போதாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஏன் போதாது என்பதை அந்த முப்பது வாக்கியங்கள் எங்கிருந்து வந்தன என்ற கதையே சொல்லிவிடும்.

கதை அமெரிக்காவின் பிலடெல்பியாவில் தொடங்குகிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மனநல மருத்துவராக இருந்த ஆரன் பெக், ஃபிராய்டு வழி உளப்பகுப்பாய்வில் பயிற்சி பெற்றவர். பிறர்மேல் இருக்கும் கோபம் தன்மேலேயே திரும்புவதுதான் மனச்சோர்வு என்பது அன்றைய கொள்கை. அதை மெய்ப்பிக்கத்தான் அவர் நோயாளிகளின் கனவுகளை ஆராயப் புகுந்தார். கனவுகளில் கோபத்தைவிட இழப்பும் தோல்வியுமே அதிகம் தென்பட்டன. சிகிச்சை அறையிலும் ஒன்று நடந்தது. ஒரு நோயாளி பெக்கையே கோபமாகக் குறைகூறிக்கொண்டிருந்தார். இப்போது உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, குற்றவுணர்வாக இருக்கிறது என்று பதில் வந்தது. வாய் மருத்துவரைத் திட்டிக்கொண்டிருந்த அதே நேரத்தில் உள்ளே வேறொரு பேச்சு ஓடியிருக்கிறது. இப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, நான் மோசமான ஆள், இனி இவருக்கு என்னைப் பிடிக்காது என்ற போக்கில்.

அந்த இரண்டாவது ஓட்டத்துக்குத்தான் பெக் தானியங்கு எண்ணங்கள் என்று பெயர் வைத்தார். அவை துண்டு துண்டாக, தந்தி வாசகம்போல வரும். கூப்பிடாமல் வரும். வந்த வேகத்தில் உண்மை என்றே தோன்றும், யாரும் நிறுத்திச் சரிபார்ப்பதில்லை. 1963-இல் வெளியான கட்டுரையிலும் பின்னர் எழுதிய நூல்களிலும், மனச்சோர்வில் இந்த எண்ணங்கள் மூன்று பக்கம் சாய்கின்றன என்று அவர் காட்டினார். நான் சரியில்லை, உலகம் சரியில்லை, இனியும் சரியாகாது. தன்னைப் பற்றி, சுற்றத்தைப் பற்றி, எதிர்காலத்தைப் பற்றி. பெக் உருவாக்கிய அறிதிறன் சிகிச்சை முழுவதும் இந்த மூன்றையும் பிடித்து, நிறுத்தி, கேள்வி கேட்கும் பயிற்சிதான்.

1977-இல் பெக்கும் அவரது குழுவினரும் 41 நோயாளிகளை வைத்து, இந்தச் சிகிச்சையை இமிப்ரமின் என்ற மனச்சோர்வு மருந்தோடு ஒப்பிட்ட ஆய்வை வெளியிட்டார்கள். பேச்சுச் சிகிச்சை மருந்துக்குச் சளைத்ததல்ல என்று தெரிந்ததும் அடுத்த கேள்வி எழுந்தது. எண்ணம் மாறியதால்தான் நோய் தணிந்ததா? அதைச் சொல்ல எண்ணத்தை எண்ணியாக வேண்டும். காய்ச்சலுக்கு வெப்பமானி இருக்கிறது, மனதுக்குள் ஓடும் வாக்கியத்துக்கு என்ன இருக்கிறது?

அந்த ஆய்வுக் குழுவில் இருந்த ஸ்டீவன் ஹாலன், ஃபிலிப் கெண்டலோடு சேர்ந்து 1980-இல் வெளியிட்டதுதான் ‘தானியங்கு எண்ணங்கள் வினாநிரல்’. ஆங்கில முதலெழுத்துகளால் ஏ.டி.க்யூ. என்று சொல்வார்கள். அதை அவர்கள் உருவாக்கிய விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். தாங்களே மேசையில் உட்கார்ந்து வாக்கியங்களை எழுதவில்லை. கல்லூரி மாணவ மாணவியர் 788 பேரிடம், மனம் சோர்ந்துபோன ஒரு சந்தர்ப்பத்தை நினைத்துப் பாருங்கள், அப்போது உள்ளே என்ன ஓடியது என்று எழுதுங்கள் என்றார்கள். குவிந்ததிலிருந்து 100 வாக்கியங்களை எடுத்து வேறு 312 மாணவர்களிடம் கொடுத்தார்கள். கூடவே பெக்கின் மனச்சோர்வு அளவுகோலும், எம்.எம்.பி.ஐ. என்ற ஆளுமைச் சோதனையின் மனச்சோர்வுப் பகுதியும். சோர்வு மதிப்பெண் அதிகமுள்ளவர்களையும் இல்லாதவர்களையும் தெளிவாகப் பிரித்துக் காட்டிய 30 வாக்கியங்கள் மட்டும் மிஞ்சின. ஒவ்வொன்றும் கடந்த வாரத்தில் எத்தனை முறை வந்தது என்று 1 முதல் 5 வரை குறிக்க வேண்டும். ஆகக் குறைந்தது 30, ஆகக் கூடியது 150.

ஆக, இது பிறந்ததே மாணவர்களின் வாயிலிருந்துதான். 1970-களின் இறுதியில் அமெரிக்கக் கல்லூரிப் பையன் ஒருவன் தேர்வில் கோட்டைவிட்டோ காதலி விட்டுப்போனோ படுத்துக்கிடந்தபோது அவன் தலைக்குள் ஓடிய வாக்கியம், அதே சொற்களில். கருவியின் பலம் அங்கே இருக்கிறது. வேறு மொழிக்குக் கொண்டுபோகும்போது முதலில் கழன்று விழுவதும் அதுதான்.

இனி ஆய்வேடுகள் கொண்டாடும் அந்த நம்பகத்தன்மைக் கெழுவைப் பார்ப்போம். முதல் ஆய்விலேயே இதன் உள்ளிசைவுக் கெழு 0.97 என்று வந்தது. கிரான்பாக் 1951-இல் பிரபலமாக்கிய ஆல்ஃபா என்ற கெழு இது, 0.7-ஐத் தாண்டினால் போதும் என்று ஆய்வு மாணவர்களுக்குச் சொல்லித்தரப்படுகிறது. 0.97 என்றதும் தலை நிமிர்கிறது. ஆனால் இந்த எண் இரண்டு சரக்கால் ஆனது. வினாக்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒட்டிப் போகின்றன என்பது ஒன்று, மொத்தம் எத்தனை வினா என்பது மற்றொன்று. வினாக்களுக்கிடையே சராசரி ஒட்டுறவு 0.5 என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், 8 வினாவுக்கு ஆல்ஃபா 0.89 வரும். அதே தரத்தில் 15 வினா கேட்டால் 0.94. முப்பது கேட்டால் 0.97. ஒட்டுறவு 0.3-க்கு இறங்கினாலும்கூட முப்பது வினா இருந்தால் 0.93 கிடைத்துவிடும். நீளத்துக்கே கெழு கூடுதல் மதிப்பெண் போடுகிறது.

ஒரே கேள்வியை வேறு வேறு சொற்களில் கேட்டாலும் ஆல்ஃபா ஏறும். இந்த வினாநிரலில் அதற்கு நேரடியான சாட்சி உண்டு. எனக்கு என்ன கோளாறு என்று கேட்கும் வாக்கியம் ஆங்கிலத்தில் இரண்டு வடிவங்களில் வருகிறது, ‘வாட்ஸ் ராங் வித் மீ’ என்றும் ‘வாட்ஸ் த மேட்டர் வித் மீ’ என்றும். என்னிடம் ஏதோ கோளாறு இருக்கத்தான் வேண்டும் என்று மூன்றாவதாக ஒன்றும் உண்டு. தமிழில் பெயர்க்க உட்காரும் பிள்ளைகள் இங்கே திணறுவதை நான் பார்த்திருக்கிறேன். ‘எனக்கு என்ன ஆச்சு?’ என்று ஒரு தடவை எழுதியபிறகு இரண்டாவதுக்கு என்ன எழுதுவது? ‘எனக்கு என்ன நேர்ந்தது?’ என்று எழுதி ஒப்பேற்றுகிறார்கள். அப்படி யாரும் மனதுக்குள் பேசிக்கொள்வதில்லை. போதாக்குறைக்கு, ‘எனக்கு என்ன ஆச்சு’ என்பதைத் தலைசுற்றி விழுந்து எழுந்தவரும் கேட்பார். நம் பேச்சில் அது உடம்பைப் பற்றியும் இருக்கலாம், மனதைப் பற்றியும் இருக்கலாம்.

நம்பகத்தன்மை என்பது தராசு ஒரே பொருளுக்கு ஒரே எடையைக் காட்டுகிறதா என்ற விஷயம். ஏற்புடைமை வேறு. நிறுக்க நினைத்ததைத்தான் நிறுக்கிறோமா என்பது அது. இந்த வினாநிரல் எண்ணங்களை அளக்கிறதா, மனச்சோர்வையே இன்னொரு பெயரில் அளக்கிறதா என்ற ஐயம் நியாயமாகவே எழுப்பப்பட்டிருக்கிறது. மனச்சோர்வு அளவுகோலில் மதிப்பெண் அதிகம் எடுத்தவர்களைப் பிரித்துக் காட்டியதால்தான் அந்த முப்பதும் தேர்வாயின. பிறகு இரண்டுக்கும் ஒட்டுறவு உயர்ந்திருக்கிறது என்று காட்டுவதில் புதிய செய்தி எவ்வளவு இருக்கும்? தவிரவும், எதிலும் இன்பமில்லை, எதையும் தொடங்க முடியவில்லை என்பவை எண்ணம் மட்டுமல்ல, நோயின் அறிகுறிகளும்கூட. பெக்கின் அளவுகோலிலும் இவற்றின் சாயல் இருக்கிறது. இரண்டு தாளிலும் ஒரே சங்கதியைக் கேட்டுவிட்டு, இரண்டும் ஒத்துப்போகின்றன என்று மகிழ்வதில் பொருளில்லை.

உளவியலாளர்கள் கிரான்பாக்கும் மீலும் 1955-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வரும் பாடம் இதற்கு உதவும். ஓர் அளவு எதோடு சேர வேண்டும், எதோடு சேரக்கூடாது, எப்போது ஏற வேண்டும், எப்போது இறங்க வேண்டும் என்று கொள்கை முன்கூட்டியே சொல்ல வேண்டும். அதன்படி நடக்கிறதா என்று பல திசையிலிருந்து பார்க்க வேண்டும். ஹாலன், கெண்டல் ஆகியோர் 1986-இல் மருத்துவமனை நோயாளிகளிடம் இதைச் செய்து பார்த்தார்கள். மனச்சோர்வில் இருந்தவர்களிடம் மதிப்பெண் உயர்ந்திருந்தது, நோய் தணிந்தவர்களிடம் இல்லை. கருவி நிரந்தர சுபாவத்தை அளக்கவில்லை, அப்போதைய நிலையை அளக்கிறது என்று இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். இது கல்லூரிக்கு முக்கியமான செய்தி. செமஸ்டர் தேர்வுக்கு முந்தின வாரம் ஒரு தடவை, விடுமுறை முடிந்து வந்ததும் ஒரு தடவை கொடுத்துவிட்டு, இரண்டு மதிப்பெண்ணும் ஒத்துப்போகவில்லை, கருவி நம்பகமற்றது என்று எழுதிவிடக் கூடாது. ஒத்துப்போயிருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

பதற்றத்திலிருந்து பிரித்துக் காட்டுவதுதான் இன்னும் கடினம். கொள்கைப்படி மனச்சோர்வின் எண்ணங்கள் நடந்து முடிந்த இழப்பைச் சுற்றும், பதற்றத்தின் எண்ணங்கள் வரப்போகும் ஆபத்தைச் சுற்றும். நடைமுறையில் இரண்டும் ஒரே மாணவரிடம், ஒரே இரவில் வரும். அரியர் விழுந்துவிட்டது என்பது இழப்பு, அதனால் கேம்பஸ் தேர்வில் உட்கார விடமாட்டார்கள் என்பது ஆபத்து. இரண்டுக்கும் நடுவே அரை விநாடிகூட இடைவெளி இருக்காது. அதனால் பதற்ற அளவுகோல் ஒன்றையும் சேர்த்துக் கொடுக்காமல் செய்த ஏற்புடைமை ஆய்வு பாதி வேலைதான்.

எந்தெந்த வினாக்கள் ஒன்றாகக் கொத்துச் சேர்கின்றன என்று பார்க்கும் காரணிப் பகுப்பாய்வு பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. முதல் ஆய்வு இந்த முப்பதுக்குள் நான்கு கொத்துகள் இருப்பதாகச் சொன்னது. வாழ்க்கையோடு பொருந்தாமையும் மாற்றத்துக்கான ஏக்கமும், தன்னைப் பற்றிய தாழ்ந்த சித்திரமும் எதிர்காலம் பற்றிய அவநம்பிக்கையும், குறைந்த சுயமதிப்பு, கையறுநிலை. பின்னால் வந்தவர்கள் எல்லாருக்கும் அதே நான்கு கிடைக்கவில்லை. 2002-இல் நெட்மையரும் சகாக்களும் 15 வினாவிலும் 8 வினாவிலும் சுருக்கப் பதிப்புகளை முன்வைத்தார்கள். ஒரே பெரிய காரணிதான் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு கொத்தின் பலத்தைக் காட்டும் ஐஜென் மதிப்பு ஒன்றுக்கு மேல் உள்ளதையெல்லாம் காரணி என்று மென்பொருள் பட்டியலிடும். அந்தப் பழைய விதி தேவைக்கு அதிகமான காரணிகளை எழுப்பிவிடும் என்பது நெடுநாளாகத் தெரிந்ததுதான். எதிர்பார்த்த கொத்துகள் தரவோடு பொருந்துகின்றனவா என்று சோதிக்கும் உறுதிப்படுத்தும் பகுப்பாய்வில், பொருத்தக் குறியீடுகளுக்கு 0.95, 0.06 என்று ஹூவும் பென்ட்லரும் 1999-இல் சொன்ன எல்லைகளைத் தொடுவதற்காக ஒவ்வொரு வினாவாக வெட்டிக்கொண்டே போகும் வழக்கமும் இருக்கிறது. அந்த மாணவர்களின் தரவுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது. அடுத்த கல்லூரிக்குப் பொருந்தாது.

மொழிபெயர்ப்புக்கு வருகிறேன். என் மனம் நிற்பது இங்கேதான்.

ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970-இல் விளக்கிய மறுமொழிபெயர்ப்பு முறையைத்தான் எல்லாரும் பின்பற்றுகிறார்கள். ஒருவர் தமிழாக்குவார், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்குவார், இரண்டு ஆங்கிலத்தையும் ஒப்பிடுவார்கள். ‘நான் ஒரு தோற்றவள்’ இந்தச் சோதனையில் முழு மதிப்பெண் வாங்கும். திரும்பப் பெயர்ப்பவர் நன்றாகப் படித்தவர். தமிழ் வாக்கியத்துக்குப் பின்னால் என்ன ஆங்கிலம் இருந்திருக்கும் என்று ஊகித்து அப்படியே எழுதிவிடுவார். மோசமான மொழிபெயர்ப்பாக இருந்தால் அது இன்னும் எளிது. ஆங்கில எலும்பு துருத்திக்கொண்டு தெரியுமே. ‘வேஸ்ட்டு’ என்று சரியாகப் பெயர்த்திருந்தால் திரும்பி வரும்போது வேறு சொல்லாக வந்திருக்கும், பிழை என்று குறித்திருப்பார்கள்.

இன்னொரு வாக்கியம், என்னை நம்பியவர்களின் எதிர்பார்ப்பைப் பொய்யாக்கிவிட்டேன் என்ற பொருளில் வருவது. மாணவர் கை தானாக எழுதுவது ‘எல்லாரையும் ஏமாற்றிவிட்டேன்’ என்பதுதான். தமிழில் ஏமாற்றம் வேறு, ஏமாற்று வேறு. ஆனால் ‘ஏமாற்றிவிட்டேன்’ என்ற வினை இரண்டையும் சுமக்கிறது. ஒருவர் அதைப் படித்து, நான் யாரையும் மோசம் பண்ணவில்லையே என்று 1-ஐக் குறிப்பார். பக்கத்தில் இருப்பவர் தன் அப்பாவின் முகத்தை நினைத்து 5-ஐக் குறிப்பார். உலகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்கிறேன் என்ற பொருளில் உள்ள வாக்கியம் ‘உலகமே எனக்கு எதிராக இருக்கிறது’ என்று ஆகும்போது, போராடுபவர் இருந்த இடத்தில் பழிவாங்கப்படுபவர் வந்து உட்கார்ந்துகொள்கிறார். மாறாக, சில வாக்கியங்கள் அழகாக வந்துவிடும். ‘இதுக்குமேல தாங்க முடியாது’, ‘கண்காணாம எங்கயாவது போயிடணும்’. இவை தமிழில் முன்பே இருந்தவை, தேடிப் போக வேண்டியதில்லை.

பால் விகுதி ஒரு தொல்லை. ஆங்கில வாக்கியத்தில் பேசுபவர் ஆணா பெண்ணா என்று தெரியாது. ‘பயனற்றவன்/ள்’ என்று சாய்கோடு போட்டதுமே அது மனதின் பேச்சாக இல்லாமல் அரசாங்க விண்ணப்பமாகிவிடுகிறது. மனதுக்குள் யாரும் சாய்கோடு போட்டுப் பேசுவதில்லை. ‘நான் எதுக்கும் லாயக்கில்லை’ என்றால் விகுதிச் சிக்கலும் இல்லை, அது நாவில் இருக்கும் தமிழும்கூட. ஆனால் பேச்சுத் தமிழில் எழுதினால் ஆய்வேடு தரமிறங்கிவிடும் என்று வழிகாட்டிகள் தயங்குகிறார்கள். தானியங்கு எண்ணம் எழுத்துத் தமிழில் எழுவதே இல்லை என்பதால் இந்தத் தயக்கத்தை விட்டுத்தான் ஆக வேண்டும். எந்த ஊர்ப் பேச்சு என்ற கேள்வி உடனே வரும். மதுரையில் ‘என்னால முடியாது’ என்பவரின் இடத்தில் யாழ்ப்பாணத்து மாணவர் ‘என்னால ஏலாது’ என்பார். ஒரே தமிழ்ப் பதிப்பு எல்லாருக்கும் போதும் என்று நினைப்பதற்கில்லை.

விடைக் கட்டங்களிலும் தடுக்கிவிழ இடமுண்டு. மூலத்தில் ‘சில சமயம்’ என்பதற்கும் ‘அடிக்கடி’ என்பதற்கும் நடுவில் ஒரு படி இருக்கிறது. அதை ‘மிதமாக அடிக்கடி’ என்று அச்சிட்ட தாளை என் கையால் வாங்கிப் படித்திருக்கிறேன். நிரப்பிய மாணவர்களில் பலர் அந்தக் கட்டத்தையே தாண்டிப் போயிருந்தார்கள். ஐந்து படி அளவுகோல் அவர்கள் கையில் நான்கு படியாகிவிட்டது. வாரத்தில் ஓரிரு நாள், பாதி நாட்கள், அநேகமாகத் தினமும் என்று நாட்கணக்கில் கேட்டிருந்தால் இந்தக் குழப்பம் வந்திருக்காது.

இப்போது ‘நீயெல்லாம்’. ஏ.டி.க்யூ. வாக்கியங்கள் பெரும்பாலும் ‘நான்’, ‘என்’ என்று தன்மையில் பேசுகின்றன. அந்த மாணவியின் எண்ணம் முன்னிலையில் வந்தது. அதற்குப் பிறகு நான் கேட்ட பல பிள்ளைகளின் எண்ணங்களும் இப்படித்தான் இருந்தன. ‘உனக்கெல்லாம் எதுக்குப் படிப்பு’, ‘நீ எங்க உருப்படப்போற’. இது அவர்களுடைய சொந்த வாக்கியம்கூட இல்லை. பத்தாம் வகுப்பில் யாரோ சொன்னது, வீட்டில் யாரோ சொன்னது, குரல்கூட மாறாமல் உள்ளே ஒலித்துக்கொண்டிருக்கிறது. ‘நாலு பேர் என்ன சொல்லுவாங்க’, ‘அம்மா முகத்துல எப்படி முழிப்பேன்’, ‘கடன் வாங்கிப் படிக்கவெச்சாங்களே’, ‘வீட்டுக்கு பாரமா இருக்கேன்’, ‘எல்லாம் என் தலையெழுத்து’. குடும்பத்தில் முதல் பட்டதாரியாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளையிடம் இவை அத்தனையும் கேட்கலாம். அந்த முப்பதில் இவற்றுக்கு நேரான வாக்கியங்கள் எத்தனை? ‘எல்லாரையும் ஏமாற்றிவிட்டேன்’ ஒன்றுதான் கிட்டே வருகிறது, அதுவும் பொருள் குழம்பி.

ஒரு வாக்கியம் வினாநிரலில் இல்லாவிட்டால் அதை எந்தப் புள்ளியியலும் கண்டுபிடிக்காது. ஆல்ஃபாவும் காரணிப் பகுப்பாய்வும் தாளில் அச்சான முப்பதை மட்டுமே பார்க்கும். விடுபட்ட முப்பத்தொன்றாவதுதான் அந்தப் பிள்ளையைத் தூங்கவிடாமல் செய்கிறது என்றால், கெழு 0.97 ஆகவே இருந்துவிட்டுப் போகும், மதிப்பெண் குறைவாக வரும், இவர் நலமாக இருக்கிறார் என்று எழுதிவிடுவோம். உள்ளடக்க ஏற்புடைமை என்று பாடநூலில் நாலு வரியில் கடந்துபோகும் தலைப்பு உண்மையில் இவ்வளவு பெரியது.

வேறு வழியில் போனவர்கள் உண்டு. ஜிம்பாப்வேயில் விக்ரம் படேலும் சகாக்களும் 1997-இல் வெளியிட்ட ‘ஷோனா அறிகுறி வினாநிரல்’ 14 கேள்விகள் கொண்டது. ஷோனா மொழிபேசும் மக்கள் தங்கள் மனவேதனையை என்னென்ன சொற்களில் சொல்கிறார்கள் என்று கேட்டு, அதிலிருந்து கட்டியது. ‘குஃபுங்கிசீசா’ என்று அங்கே ஒரு சொல் இருக்கிறது, அளவுக்கு மீறி யோசிப்பது என்று பொருள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டி.எஸ்.எம்.-5 கையேடும் அதை மனவேதனையைச் சொல்லும் பண்பாட்டு வழக்காகப் பதிவுசெய்திருக்கிறது. நமக்கு இது அந்நியமாகத் தெரியாது. ‘ரொம்ப யோசிக்காதே, உடம்பு கெட்டுப்போயிடும்’ என்று சொல்லாத தமிழ் வீடு உண்டா? ஈழத்துப் பேச்சில் ‘அவவுக்கு ஒரே யோசனை’ என்றால் கவலை என்றே பொருள். அந்தச் சொல்லிலிருந்து தொடங்கும் ஒரு வினாநிரலை என்னால் கற்பனை செய்ய முடிகிறது.

அதற்காக ஏ.டி.க்யூ.வைத் தூக்கிப்போட வேண்டும் என்று சொல்ல வரவில்லை. பல நாடுகளில் பயன்படுத்தப்பட்ட கருவி, ஒப்பிடுவதற்கு அதன் அருமை தனி. ஆனால் ஒப்பிடுவதற்கும் ஒரு முன்நிபந்தனை இருக்கிறது, அளவுச் சமநிலை என்று சொல்வார்கள். ஒரே அளவு சோர்வில் இருக்கும் ஓர் ஆணும் பெண்ணும் ஒரே கேள்விக்கு ஒரே விதமாகப் பதில் சொல்கிறார்களா என்று பார்ப்பது அது. மனச்சோர்வு அளவுகோல்களில் அழுகையைப் பற்றிய கேள்வி இதற்குப் பழைய உதாரணம். சோர்வு ஒரே அளவில் இருந்தாலும் பெண்கள் அதற்கு ஆம் என்பது அதிகம், ஆண்கள் குறைவு. அந்தக் கேள்வியைச் சேர்த்துக் கூட்டிவிட்டு, பெண்களுக்கு இவ்வளவு அதிகம் என்றால் அந்த வித்தியாசத்தில் ஒரு பங்கு எடைக்கல்லின் கோளாறு. தமிழ்வழி, ஆங்கிலவழி மாணவர்களை ஒப்பிடும்போதும் இதே சோதனையைச் செய்துவிட்டுத்தான் சராசரியைப் பேச வேண்டும். நம் ஆய்வேடுகளில் பெரும்பாலும் சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனை முதலில் வந்துவிடுகிறது, இது வருவதே இல்லை.

மாணவர்களிடம் சரிபார்த்ததை மாணவர்களுக்கு மட்டுமே சொல்லலாம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அவர்களிடம் எளிதில் போக முடியும் என்பதால் உளவியல் ஆய்வுகள் அவர்களையே நம்பியிருக்கின்றன. ஹென்ரிக்கும் வேறு இருவரும் 2010-இல் எழுதிய கட்டுரை, மேற்கத்திய, படித்த, வசதியான சமூகத்து மாணவர்களை வைத்து மனித இனத்தைப் பற்றியே முடிவுகட்டும் பழக்கத்தைக் கடுமையாகக் கேள்வி கேட்டது. இங்கே விஷயம் கொஞ்சம் வேறு. மாணவர்களே நமக்கு முக்கியமானவர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுத் திட்டத்தில் 8 நாடுகளின் 19 கல்லூரிகளில் முதலாண்டு மாணவர்கள் 13,984 பேரிடம் கேட்டபோது, 35 சதவீதத்தினர் வாழ்நாளில் ஏதோவொரு மனநலச் சிக்கலுக்கான அளவுகோலைத் தொட்டிருந்தார்கள். 2018-இல் வந்த முடிவு அது. ஆனாலும் வகுப்பறையில் வினாநிரலில் மதிப்பெண் அதிகமாக வருவது நோய் என்ற தீர்ப்பாகாது. ஹாலன், கெண்டல் ஆய்வில் சோர்வு உள்ள மாணவர்களின் சராசரி 80-ஐ ஒட்டியும் மற்றவர்களுடையது 50-க்குச் சற்றுக் கீழேயும் இருந்தது. அந்த எண்ணை எடுத்து, 80-க்கு மேல் வந்தால் மனச்சோர்வு என்று நம் கல்லூரி அறிவிப்புப் பலகையில் எல்லை கட்டக் கூடாது. அங்கே பிரித்தது மருத்துவரின் நேர்காணல் இல்லை, இன்னொரு வினாநிரல்.

தாளை யார் கொடுக்கிறார் என்பதும் மதிப்பெண்ணை மாற்றும். இன்டர்னல் மதிப்பெண் போடுகிற ஆசிரியரே வகுப்பில் விநியோகித்து, பதிவெண்ணையும் எழுதச் சொன்னால், மேலிருந்து கீழ்வரை 1 என்ற நேர்கோடு வரும். அதையும் தரவு என்று கணினியில் ஏற்றுகிறோம்.

எந்தக் கல்லூரியிலும் இந்த வேலையைத் தொடங்கும் பிள்ளைகளிடம் நான் கேட்டுக்கொள்வது, 1980-இல் வந்த முப்பதைப் பெயர்ப்பதற்கு முன், அந்த இருவரும் 788 பேரிடம் கேட்ட அதே கேள்வியை உங்கள் வகுப்பில் கேளுங்கள் என்பதுதான். வெள்ளைத் தாள், பெயர் வேண்டாம், பேசுகிற தமிழிலேயே எழுதலாம், நடுவில் ஆங்கிலம் வந்தாலும் பரவாயில்லை. வருவதை முப்பதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பொருந்துவது எது, அங்கே மட்டும் இருப்பது எது, இங்கே மட்டும் இருப்பது எது என்று தெரிந்துவிடும். பிறகு பத்துப் பேரை ஒவ்வொருவராக உட்காரவைத்து, இந்த வாக்கியத்தைப் படித்ததும் என்ன புரிந்தது என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். மென்பொருளைத் திறப்பது அதற்குப் பிறகு. இரண்டு மாதம் கூடுதலாகப் பிடிக்கும்.

இன்னொன்றையும் விநியோகிப்பதற்கு முன்பே முடிவுசெய்துவிட வேண்டும். கண்காணாமல் போய்விட வேண்டும் என்ற வாக்கியத்துக்கும் இனி என்னால் முடியாது என்ற வாக்கியத்துக்கும் நேராக ‘எப்போதும்’ என்று குறித்த தாள் ஒன்றாவது வரும். நூற்றைம்பது தாள்களைக் கட்டிவைத்துவிட்டு, மூன்று வாரம் கழித்து எக்செலில் ஏற்றும்போது அதைப் பார்ப்பது மிகத் தாமதம். பெயரில்லாத் தாள் என்றால் ஆளைத் தேடிப் போகவும் முடியாது. அதனால் தாளின் கடைசியிலேயே, யாரிடம் பேசலாம் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்க வேண்டும். இந்தியாவில் டெலி-மானஸ் என்ற மனநல உதவித் தொலைபேசி 14416, இலங்கையில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926. அன்று கல்லூரி ஆலோசகர் எந்த அறையில், எத்தனை மணிவரை இருப்பார் என்பதையும் எழுத வேண்டும். அந்த மாணவியும் நானும் அவளுடைய பதிப்பைத் திருத்தி முடித்த நாளில், அவள் கடைசியாகச் சேர்த்த வரி இதுதான்: “இதையெல்லாம் நிரப்பும்போது மனசு கஷ்டமா இருந்தா, இப்பவே எழுந்து வெளிய வாங்க, நான் வராண்டாவுலதான் இருக்கேன்.”